வலியோடு வாழ்வும் பணியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு 'உழைப்பும் உடல்நலமும்' என்பது. அத்தலைப்பில் வைகறைத் துயிலெழுதலின் சிறப்பைப் பேசலாம். கீரையின் பயனைப் பேசலாம். மதுவின் தீமையைப் பேசலாம். அவற்றைப் பேசுவதற்கு எம்மிலும் தக்கவர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் தலைப்பைச் சற்றே சுருக்கிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறோம். தீராத வலியோ உடற்குறையோ உடைய ஒருவர், தம் பணியையும் கைவிடாமல், தம் உடலையும் அழித்துக்கொள்ளாமல் வாழ்வது எவ்வாறு என்பதே யாம் பேச விழையும் பொருள்.

இப்பொருளில் பேச எமக்குள்ள தகுதி ஒன்றே. எமக்கு முடக்குவாதம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் பதினேழு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தினோம். யாம் மருத்துவ நூல் கற்றவரல்லோம். மருந்தைப் பற்றி இங்குக் கூறப்போவது மிகச் சிறிது. அதுவும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தது.

முழங்கால் வலி, இடுப்பு வலி, கழுத்து வலி ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீட்டை நம் தெருக்களில் காண்பது அரிது. இது தலையெழுத்தாலோ முன்வினையாலோ வந்ததன்று. நாள் முழுவதும் குனிந்தவாறே நாற்று நட்ட தாய்மார்களின் இடுப்பும், செங்கற்சூளையில் தலைச்சுமை தூக்கியவர்களின் கழுத்தும், கல்லுடைத்தவர்களின் மணிக்கட்டும், தோல் பதனிடும் தொட்டிகளில் இடுப்பளவு நீரில் நின்றவர்களின் மூட்டும் தோலும் அவரவர் செய்த வேலையின் கணக்கை இன்றும் காட்டுகின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் உறவினர் உடையோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் பல்லாயிரவர் அங்குக் குடிபெயர்ந்தனர். பண்ணையாரின் பிடியிலிருந்து விலகிப் பணமாகக் கூலி பெறலாம் என்பது அவர்தம் நாட்டம். அங்கே பள்ளிகளை அமைத்தனர்; பௌத்த சங்கம் கண்டனர்; அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழைத் தாங்கிப் பிடித்தனர். இப்பெருமையை நாம் மேடைதோறும் கூறுகிறோம். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையைத் துளைத்தபோது எழுந்த தூசு அவர்தம் நுரையீரலில் படிந்ததை நாம் கூறுவதில்லை. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934 இல் பதிவானது கோலாரில்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. படிந்த தூசை அகற்றும் மருந்தோ இன்றளவும் இல்லை. மூச்சுத் திணறலோடு எஞ்சிய நாள்களைக் கழித்தவர் எத்தனை பேர் என்பதை அவ்வூர்க் குடும்பங்களே அறியும்.

மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வகுத்துள்ளது. காலில் முள் குத்தினால் உண்டாகும் வலி ஓர் எச்சரிக்கை. முள்ளை எடுத்தால் தணிந்துவிடும். நாட்பட்ட வலி அத்தகையதன்று. காயம் ஆறிய பின்னரும், வலியை உணர்த்தும் நரம்புகள் அடங்காமல் மிகையாக இயங்குவதால் அது தொடர்வதுண்டு. ஆகவே எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலியே இல்லை என்று பொருளாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலிக்குத் தனியிடம் தரப்பட்டுள்ளது. மருமகள் படுத்தால் 'நடிக்கிறாள்' என்று கூறும் மாமியார்கள் இச்செய்தியைக் கேட்டுக்கொள்வார்களாக.

வலி எல்லாச் சமுதாயத்தார்க்கும் உண்டு. எனினும் நமக்கு வலியோடு ஒரு வசைச்சொல்லும் சேர்ந்து வருகிறது. 'சோம்பேறி' என்பது அச்சொல். காய்ச்சலோடு படுத்திருந்த பண்ணையாளை விடியற்காலையில் எழுப்ப வந்தவர் வாயில் அது புழங்கியது. நம் உடலுக்கு மதிப்பு இருந்ததெல்லாம் அது ஓயாமல் உழைத்த வரையில்தான். ஓய்ந்த உடல் அவர்களுக்கு வீண் செலவாகத் தோன்றிற்று. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 இல் இயற்றப்பட்டது. ஆண்டை போனபின்னும் அவர் சொல் நம் வீட்டுத் திண்ணையில் தங்கிவிட்டது. பகலில் ஒரு நாழிகை படுத்த மகளைத் தந்தையும், வேலைக்குப் போகாத மகனைத் தாயும், கைத்தடி ஊன்றிய கணவனை மனைவியும் இன்று அதே சொல்லால் சுடுகின்றனர்.

படித்து அரசுப் பணிக்குச் சென்றோரின் நிலை இன்னும் இக்கட்டானது. 'கோட்டாவில் வந்தவர்' என்னும் ஏளனம் காதில் விழாத அலுவலகம் அரிது. அந்த வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே நம்மவர் பலர் பிறரைக் காட்டிலும் ஒன்றரைப் பங்கு வேலை செய்கின்றனர். முதுகு வலியை மறைத்துக்கொண்டு கோப்புக் கட்டுகளைத் தூக்குகின்றனர். மருத்துவ விடுப்பு கேட்டால், ஒதுக்கீட்டில் வந்தோர் திறமையற்றவர் என்பதற்கு அது சான்றாகக் காட்டப்படுமோ என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வீண் அச்சம் என்று யாம் கூறமாட்டோம். யாம் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், காலை வேளையில் மாடிப்படி ஏற இயலாமையால் கீழ்த்தளத்தில் வகுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். 'சலுகையில் வந்தவர்களுக்கு மேலும் ஒரு சலுகையா?' என்று ஆசிரியர் அறையிலேயே ஒருவர் வினவினார், சிலர் சிரித்தனர். விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தது. மூன்று ஆண்டுகள் அம்மாடியை ஏறி இறங்கினோம். இன்று எம் வலது முழங்கால் முழுவதும் மடங்குவதில்லை.

மற்றொரு சமுதாயத்தைச் சேர்ந்த ஊழியர் முதுகுவலிக்கு விடுப்பு எடுத்தால் அது அவருடைய முதுகுவலியாக மட்டுமே இருக்கிறது. நம்மவர் எடுத்தால் அது அரசியலமைப்புச் சட்டத்தின் குறையாகிவிடுகிறது! இக்கணக்கைப் போட்டவர் எவரோ, அவரே அதைச் சுமக்கட்டும். ஒரு தனியாளின் முதுகெலும்பின்மீது சமுதாயத்தின் மானம் முழுவதையும் ஏற்றி வைப்பது நாமே நம்மவர்க்கு இழைக்கும் கொடுமையாகும்.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒரு வினாவை எழுப்புவர் என்பதை அறிவோம். 'அண்ணல் அம்பேத்கர் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைத்தாரே, அவர் ஓய்வு கேட்டாரா?' ஏப்ரல் 14 தோறும் நம் மேடைகளில் இப்பதினெட்டு மணி நேரம் முழங்கப்படுகிறது. முழங்குவோர் அண்ணலின் உடலைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

1948 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அரசியலமைப்பு வரைவை முடித்துப் பிப்ரவரி 21 அன்று அவைத் தலைவரிடம் அண்ணல் ஒப்படைத்தார். அக்காலத்தில் நீரிழிவும் கால்களில் நரம்பு வலியும் அவரை வாட்டின. வலியால் இரவு உறக்கம் கெட்டது. பம்பாயில் டாக்டர் மால்வங்கரின் மருத்துவமனையில் பணிபுரிந்த மருத்துவர் சாரதா கபீர் அவர்களை அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று மணந்தார். சவிதா அம்பேத்கர் என நாம் அறிவது அவ்வம்மையாரையே. வரைவுக் குழுவில் எழுவர் இருந்தும், விலகியவர் ஒருவர், இறந்தவர் ஒருவர், அயல்நாடு சென்றவர் ஒருவர் என்று பலரும் இல்லாமற்போக, சுமை முழுவதும் அண்ணல்மீது விழுந்ததென்று டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று அவையிலேயே எடுத்துரைத்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் அண்ணல் ஆற்றிய பணியை, 1949 நவம்பர் 26 அன்று அவைத்தலைவர் இராசேந்திர பிரசாத் குறிப்பிட்டுப் பாராட்டினார். அவைக்குறிப்பில் இவை பதிவாகியுள்ளன, விரும்புவோர் படித்துக்கொள்ளலாம்.

1951 ஆகஸ்டு 10 அன்று அவர் பிரதமர் நேருவுக்கு ஒரு மடல் எழுதினார். தம் உடல்நிலை தமக்கும் மருத்துவர்க்கும் கவலை தருகிறது, மருத்துவர் ஏறத்தாழ ஒரு திங்கள் தொடர்ந்து மருத்துவம் செய்துகொள்ளச் சொல்கின்றனர், அதற்கு முன்னர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை முடித்துவிட விரும்புகிறேன், விரைந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மருத்துவம் பின்தள்ளப்பட்டது. மசோதாவும் நிறைவேறவில்லை. செப்டம்பர் 27 அன்று அமைச்சர் பதவியைத் துறந்தார்.

அதன்பின் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலை எழுத ஐந்தாண்டுகள் ஆயின. அதற்கென எழுதிய முன்னுரையில், நோய் தம்மை அணையும் விளக்கெனக் கருதும் அளவுக்குக் கொண்டுசென்றதையும், தம் துணைவியாரும் டாக்டர் மால்வங்கரும் தம்மை மீட்டதையும் அண்ணல் நன்றியோடு குறித்துள்ளார். 1957 இல் நூல் வெளிவந்தபோது அம்முன்னுரை இடம்பெறவில்லை. இதனால் நோயைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் அவரே கூறியதைப் பலர் நெடுங்காலம் படிக்காமற்போயினர். இது எம்மைப் பெரிதும் வருத்தும் செய்தி. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரித் திடலில் இலட்சக்கணக்கானோர் முன் அவர் தோன்றியபோது, ஒரு கையில் தடி இருந்தது. மறுகை உதவியாளர் நானக் சந்த் ரத்துவின் தோளைப் பற்றியிருந்தது. டிசம்பர் 6 அன்று, அறுபத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

அண்ணல் ஓய்வின்றி உழைத்தது உண்மை. வேறு ஆள் இல்லாத காரணத்தால் உழைத்தார். வேறு ஆள் இல்லாத அந்நிலை இனி வரக்கூடாது என்பதற்காகவே நம்மைக் கல்வி கற்கவும் ஒன்றுசேரவும் பணித்தார் என்று யாம் கருதுகிறோம். அவர் தடியை மறைக்கவில்லை. தோளைப் பற்றத் தயங்கவில்லை. மருத்துவரின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். பதினெட்டு மணி நேரத்தை மட்டும் எடுத்து ஒரு மாணவியின் முதுகில் சாட்டையாக வீசுவோர் அண்ணலைப் பாதியளவே படித்தவராவர்.

மேலும், ஓய்வைச் சட்டமாக்கியவரும் அவரே. 1928 இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாய்க்குப் பேற்றின் முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில்தான், ஆலைத் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் விடுமுறை வழங்கும் திருத்தம் 1945 இலும், வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தம் 1946 இலும் வந்தன. நோயுற்ற தொழிலாளர்க்கான காப்பீடு குறித்துப் பேராசிரியர் அதார்கர் 1944 இல் அளித்த அறிக்கையும் அக்காலத்ததே. அதிலிருந்து பிறந்ததுதான் 1948 ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். அந்தத் திட்டத்தில் உள்ள தொழிலாளி நோயுற்றுப் படுத்தால், ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நம் இளைஞர்களுள் ஆலைகளில் பணிபுரிவோர் பலர் சந்தா கட்டியும் இவ்வுரிமையைக் கேட்டதேயில்லை.

இனி, வலியோடு வேலை செய்யும் முறைக்கு வருவோம். வலியுடையோர் பெரும்பாலும் ஒரே தவற்றில் சிக்குகின்றனர். வலி குறைந்த நாளில், தேங்கிக் கிடந்த வேலையனைத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட முனைவர். மாலையில் வலி மூண்டெழும். மூன்று நாள் படுக்கையில் கிடப்பர். எழுந்ததும், இழந்த நாள்களை ஈடுசெய்ய மீண்டும் ஓடுவர். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலறிஞர் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்பார் இதனை ஆராய்ந்து 1976 இல் ஒரு நூல் வெளியிட்டார். வலி நிறுத்தச் சொல்லும் வரை உழைக்காமல், முன்னரே வரையறுத்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. பள்ளியில் மணி அடிப்பது போன்றது அது. பாடம் சுவையாக இருப்பினும் மணி அடித்தால் வகுப்பு முடியும்.

எடுத்துக்காட்டாக, தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் முதுகுவலியுள்ள மாணவர் ஒருவரைக் கொள்வோம். எத்தனை நிமிடம் அமர்ந்தால் வலி ஏறத் தொடங்குகிறது என்பதை அவர் நான்கைந்து நாள் ஒரு தாளில் குறித்துவர வேண்டும். நல்ல நாளும் தீய நாளும் அதில் இருக்கட்டும். நாற்பது நிமிடம் என்று தெரிந்தால், முப்பதாம் நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். வலியே இல்லாவிடினும் எழவேண்டும். கடினமான பகுதி அதுவே. பத்து நிமிடம் நடந்தோ படுத்தோ மீள வேண்டும். பதினைந்து நாள் இவ்வாறு தடையின்றிச் சென்றால் மூன்று நிமிடம் கூட்டலாம். இவ்வாறு படிப்பவர் ஒரு நாளில் குறைவாகப் படித்ததாகத் தோன்றும். ஆனால் ஒரு திங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். கணக்காசிரியர் என்னும் முறையில் இதனை யாம் உறுதியாகக் கூறுவோம்: நாள்தோறும் நான்கு மணி என்பது, ஒரு நாள் பத்து மணியும் அடுத்த மூன்று நாள் சுழியும் என்பதை விட மிகுதி. கரும்பலகையில் பத்து நிமிடம் எழுதிவிட்டு அமர்ந்து, ஒரு மாணவரை எழுதச் சொல்லிப் பாடம் நடத்தியே எம் கடைசிப் பதினைந்து ஆண்டுப் பணியை நிறைவு செய்தோம். பிள்ளைகள் பலகையில் எழுதப் போட்டியிட்டனர் என்பது தனிக் கதை.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று எவரும் கொள்ளற்க. அசையாத மூட்டு இறுகும். இயங்காத தசை நலியும். நாள்தோறும் அளவான நடையும் மூட்டசைவுப் பயிற்சியும் வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் இல்லத்திற்கே வந்து பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டது. நம் தெருவில் எவருக்குத் தேவை என்பதை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரெழுதித் தருவதற்கு இளைஞர்கள் இருவர் போதும்.

மருந்தைப் பற்றி இரண்டு சொற்கள். காலையில் விரல்கள் இறுகி, அவை இளக ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகுமாயின், கைகால்களின் சிறு மூட்டுகள் இருபுறமும் வீங்குமாயின், அது முடக்குவாதமாக இருக்கலாம். அந்நோய் ஆண்களை விடப் பெண்களுக்கே மிகுதி. தொடக்கத்திலேயே உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு ஈராண்டு காத்திருந்தால் கோணிய விரல் நிமிராது. மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை இந்நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணத்தக்கது, நாள்தோறும் உண்டால் உயிருக்கே தீங்காகும், கருவுற்றோர் உண்ணலாகாது. மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கும் வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரும். பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி தருவோரிடம் செல்லாதீர்கள். சித்த மருத்துவமே பண்டிதர் அயோத்திதாசரின் தொழிலாக இருந்தது, எனவே அம்மருத்துவத்தை யாம் பழிக்கவில்லை. பெயரில்லாப் பொட்டலத்தையே பழிக்கிறோம்.

பணியிடத்து ஓய்வைப் பேசினோம். அடுக்களையை என் செய்வது? அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு பெற்ற பெண், அன்றே வீட்டில் நான்கு பேருக்குச் சமைத்துத் துவைக்கிறாள். கூலிக்குச் சென்று திரும்பும் தாய் குடத்தோடு குழாயடிக்குச் செல்கிறாள். இளைஞர்களே, உங்கள் தாயின் முழங்காலைப் பற்றிக் கவலையுறுவதாகக் கூறுகிறீர்கள். தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார் என்பதைப் பார்த்தே அக்கவலையை அளப்போம். தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் நறுக்குவதை விட்டு, முக்காலியில் அமர்ந்து மேசைமேல் கத்தியால் நறுக்கலாம். பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டலாம். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் வலியுள்ள விரல் அதனை எளிதில் பற்றும். இவை சிறிய செய்திகள்தாம். ஆனால் இவற்றைச் செய்துகொள்வதற்கு அத்தாய்க்கு வீட்டார் இசைவு தர வேண்டியிருக்கிறதே, அதுதான் பெரிய செய்தி.

போலியோவால் கால் சூம்பிய நம் நண்பர்கள் இன்று நாற்பதும் ஐம்பதும் கடந்தவர்கள். இந்தியாவில் அந்நோயின் கடைசி நேர்வு 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு அந்நோய் நீங்கிய நாடாகச் சான்று பெற்றது. ஆனால் சிறுவயதில் தாக்குண்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புதிய தளர்ச்சியும் வலியும் தோன்றுவதுண்டு. தப்பிப் பிழைத்த நரம்புகள் நெடுங்காலம் இரட்டைச் சுமை தாங்கியதே அதற்குக் காரணமென்று அறிஞர் கருதுகின்றனர். 'எவர் துணையுமின்றி வென்றவர்' என்று நாம் மாலையிட்ட அந்நண்பர், இன்று சக்கர நாற்காலி வேண்டும் என்றால் அதனைத் தோல்வி என்று கருதி எவரும் உச்சுக்கொட்ட வேண்டா.

சட்டத்தில் உள்ளவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு அரசுப் பணியில் 4 விழுக்காடும், அரசு சார்ந்த உயர்கல்வியில் குறைந்தது 5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. இது பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்கு மாற்றாக வருவதன்று. அதனூடே குறுக்காக வருவது. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். நம் மாணவர் சிலர் ஒன்றே போதுமென்று, அல்லது வெட்கப்பட்டு, இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். பணியில் சேர்ந்த பின் உடற்குறை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அப்பணி இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் 20 ஆம் பிரிவு. நாற்பது விழுக்காட்டை எட்டாதவர்க்கு ஒன்றுமே இல்லை என்று சில எழுத்தர்கள் கூறுவர். எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் நோயுடைய ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், எழுத உதவியாளர் பெறும் வசதியை அவ்வளவுகோலைக் காட்டி மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. கீழ்த்தள வகுப்பும், சாயும் நாற்காலியும், தேர்வில் கூடுதல் நேரமும் சலுகைகள் என்று எவரேனும் கூறினால், நியாயமான வசதி ஏற்பாடு என்பது சட்டச்சொல் என்று எடுத்துரைப்பீர்களாக. வாயால் கேட்காதீர்கள், எழுத்தால் கேட்டு, நகலில் ஒப்புகை பெறுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், பின்வரிசையில் உள்ள கூலித் தொழிலாளத் தோழர் ஒருவர், 'இதெல்லாம் மாதச் சம்பளக்காரர் பேச்சு. ஒரு நாள் படுத்தால் அன்று அடுப்பு எரியாது' என்று எண்ணியிருப்பார். அவ்வெண்ணம் நேர்மையானது. அவருக்கு யாம் கூறத்தக்க விடை மிகக் குறைவே. 1982 ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நலவாரியங்களில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று கூறலாம். அது அன்றைய அடுப்பை எரிக்காது. குழுவாக வேலைக்குச் செல்வோர், வலியுள்ளவர்க்கு நிமிர்ந்து செய்யும் வேலையை ஒதுக்கி மாற்றி மாற்றிச் செய்யலாம். நாற்றுக்கட்டு எடுத்துத் தரும் வேலையை இவ்வாறு பங்கிட்டுக்கொள்ளும் பெண்களை யாம் கண்டிருக்கிறோம். அதற்கும் மேற்பட்டது கூலி உயர்வும் காப்பீடும். அவற்றைத் தனியொருவர் பெற இயலாது.

நிறைவாக, நம் சங்கத்தைப் பற்றி. இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைப் பள்ளி மாடியில் நடக்கிறது. தவழ்ந்து வரும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் அண்ணன்மார் உளர். அவ்வண்ணன் வராத நாளில் அப்பிள்ளையும் வருவதில்லை. வகுப்பைக் கீழ்க்கூடத்திற்கு மாற்றி, அலுவலகத்தை மாடிக்குக் கொண்டுபோவதில் செலவு ஏதும் இல்லை. பாயில் அமர இயலாதார்க்கு முதுகு சாயும் நாற்காலி ஆறு வேண்டும். நூலக மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கட்டும். பகலில் அதில் ஒருவர் படுத்திருந்தால் எவரும் காரணம் கேட்க வேண்டா. செயற்குழுக் கூட்டங்கள் மூன்று மணி நேரம் நீள்வதை யாம் பொறுத்தோம். எம் இடுப்பு பொறுக்கவில்லை. ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரை அமர்த்தினால், ஒருவர் வலியால் வராத நாளில் மற்றவர் பார்த்துக்கொள்வார். பொறுப்பை ஏற்கத் தயங்கி ஒதுங்கி நிற்கும் பெண்கள் சிலர் முன்வருவர். அடையாள அட்டைக்கும் ஓய்வூதியத்திற்கும் விண்ணப்பம் எழுதித் தர, திங்கள்தோறும் முதல் ஞாயிறு மாணவர் இருவர் அமரலாம்.

இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கொண்டு வந்திருக்கிறோம். யாம் சொல்ல எம் பேத்தி எழுதியது. கீழே உள்ள கையொப்பம் மட்டுமே எம்முடையது. அடுத்த செயற்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி இத்தாளைச் செயலாளரிடம் ஒப்படைக்கிறோம்.